ஒரே பியானோவில் ஹைடனும் லிகெட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் ஒரு பங்குக் கோயில் மண்டபம். மே மாத இரண்டாவது ஞாயிறு இரவு 7 மணிக்கு அங்கே தனியாகப் பியானோ வாசிக்கிறேன். பழைய வியன்னாக்காரர்களையும் இருபதாம் நூற்றாண்டுப் புதுமைக்காரர்களையும் ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறேன். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து வாட்ஸ்அப்பில், மீன்கடையில், பூசை முடிந்து வெளியே வரும்போது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னென்ன வாசிக்கப் போகிறீர்கள்?

முதலில் ஹைடனின் சி மேஜர் சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோப் படைப்பு. ஹைடன் ஐம்பதுக்கு மேல் சொனாட்டா எழுதியவர் என்பதால் எண்ணையும் சொல்லிவிடுகிறேன்: ஹைடன் படைப்புகளுக்கு எண் கொடுத்த ஹோபோகன் பட்டியலில் 16ஆம் பிரிவு, 50ஆம் எண். அது முடிந்த கையோடு லிகெட்டியின் ‘மூசிகா ரிச்செர்காட்டா’ தொகுப்பிலிருந்து முதல் துண்டும் மூன்றாம் துண்டும். அடுத்து வெபர்னின் ஓபஸ் (படைப்பு எண்) 27 வேரியேஷன்ஸ், மொஸார்ட்டின் பி மைனர் அடாஜியோ, மறுபடியும் அதே வெபர்ன். பிறகு இடைவேளை, சுக்குமல்லிக் காப்பி. வந்து உட்கார்ந்ததும் பீத்தோவனின் ஓபஸ் 126 பாகடெல்கள் (குட்டித் துண்டுகள்) ஆறு, ஷோன்பெர்க்கின் ஓபஸ் 19 சின்னத் துண்டுகள் ஆறு. கடைசியில் பார்டோக்கின் பல்கேரியத் தாள நடனங்கள், அவையும் ஆறு. வாசிக்கும் நேரம் மட்டும் 75 நிமிடத்துக்குள் அடங்கும்.

புதுசு பிடிக்காது என்றுதானே பழசைக் கூட வைத்திருக்கிறீர்கள்? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலைதானே இது?

கேட்டவர் என் மாணவி ஒருத்தியின் அப்பா. சிரித்துவிட்டேன். ஏனென்றால் பல ஊர்களில் பல பேர் செய்வது அதுதான். நடுவில் பத்து நிமிடம் ஷோன்பெர்க், முன்னும் பின்னும் எல்லோருக்கும் தெரிந்த ஷோபேன். கேட்பவர் அந்தப் பத்து நிமிடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுகிறார், அவ்வளவுதான்.

என் கணக்கு அதற்கு நேர் எதிர். ஹைடன் பழம் இல்லை, அவரும் ஊசிதான். இருநூறு வருடம் கேட்டுப் பழகியதில் அந்த ஊசி மழுங்கிப்போய்விட்டது. பக்கத்தில் லிகெட்டியை வைத்தால் ஹைடனின் குறும்பு மறுபடி குத்த ஆரம்பிக்கிறது. புதுசைப் புரியவைக்கப் பழசு என்று நினைத்து வராதீர்கள். பழசு எவ்வளவு விநோதமானது என்று காட்டத்தான் புதுசைக் கூட்டி வருகிறேன்.

ஹைடனில் அப்படி என்ன குறும்பு?

இந்த சொனாட்டா 1794–95 வாக்கில் லண்டனில், தெரேஸ் யான்சன் என்ற பியானோக் கலைஞருக்காக எழுதியது. அறுபதைத் தாண்டிய மனிதர் புது ஊருக்குப் போய், அந்த ஊர்ப் பியானோவைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போன தடம் அதில் தெரியும். முதல் பகுதியில் ஒரு இடத்தில் பெடலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒலியெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, பனிமூட்டத்தில் படகு விளக்கு தெரிவதுபோல் ஆகிவிடும். வியன்னாப் பியானோக்களில் அப்போது இல்லாத உச்சத்து ஏ சுரத்தையும் ஆங்கிலப் பியானோ கிடைத்த தைரியத்தில் தொட்டுவிடுகிறார். இந்த ஏ சுரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் முழுக்க அது வரும்.

உண்மையான சேட்டை மூன்றாம் பகுதியில். குதித்துக்கொண்டு ஓடிவருகிற மெட்டு, திடீரென்று தப்பான படியில் கால்வைத்துத் தடுக்கி நிற்கிறது. சி மேஜரில் போய்க்கொண்டிருக்கும்போது பி மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). நம் பாஷையில் சொன்னால், ஸ-வில் நிற்க வேண்டியவர் கீழே காகலி நிஷாதத்தில் கால் இடறி, அங்கேயே குடிபோகலாமா என்று யோசிக்கிறார். ஒரு மௌனம். ‘ஐயோ, தப்பு’ என்பதுபோல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். திரும்பவும் தடுக்குகிறார். வகுப்பில் முதல்முறை இதைக் கேட்ட ஒரு பையன், “டீச்சர், மறந்துட்டீங்களா?” என்று கேட்டான். ஹைடன் எதிர்பார்த்த கேள்வி அதுதான்.

லிகெட்டியின் முதல் துண்டில் ஒரே ஒரு சுரம்தானாமே?

ஆமாம். 1951–53இல் புடாபெஸ்ட்டில் லிகெட்டி பதினொரு துண்டுகள் எழுதினார். முதல் துண்டுக்கு இரண்டு சுரம், அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு நான்கு என்று ஒவ்வொன்றாகக் கூடி, பதினொன்றாவதில் பன்னிரண்டும் வந்துவிடும். அந்த முதல் துண்டின் இரண்டு சுரங்களில் ஒன்றுக்குக் கடைசியில்தான் வாய்ப்பு. அதுவரை வெறும் ஏ, ஏ, ஏ. கீழே, மேலே, மெதுவாக, தடதடவென்று, அடித்து, தடவி, எல்லாம் ஏ. மனிதர் மூன்று நிமிடத்துக்கு நம்மை உட்காரவைத்துவிடுகிறார்.

நம் ஊர்க் காதுக்கு இதில் ஒரு தனி விருந்து இருக்கிறது. தம்புரா கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு சுரம் தொடர்ந்து ஒலித்தால் அதை ஸ என்று எடுத்துக்கொள்வோம். இங்கேயும் அப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள். முடிவில் டி என்கிற புது சுரம் வந்து விழும். விழுந்ததும், இவ்வளவு நேரம் ஸ என்று நம்பி உட்கார்ந்திருந்தது ஸ இல்லை, ப என்று ஆகிவிடும். வீட்டுக்காரர் என்று நினைத்து இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவர் குடக்கூலிக்காரர் என்று கடைசியில் தெரிந்தால் எப்படி இருக்கும்? கிரகபேதம் (ஸ-வை வேறொரு சுரத்துக்கு மாற்றுவது) பாடுகிறவர்கள் இதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். மூன்றாம் துண்டில் சி, ஈ ஃப்ளாட், ஈ, ஜி என்று நான்கே சுரம். ஹைடனின் அதே சி. மேஜரும் மைனரும் ஒரே சட்டைக்குள் கைவிட்டுச் சண்டை போடுகின்றன.

இரண்டுக்கும் நடுவில் நான் எழுந்து வணங்க மாட்டேன். ஹைடனின் கடைசி கார்ட் அடங்கியதும் லிகெட்டி தொடங்கிவிடும்.

வெபர்னை எதற்கு இரண்டு தடவை? ஒரு தடவையே அதிகம் என்கிறார்கள்.

அது மொத்தமே ஆறு நிமிடம்தான், அதனால்தான். 1936இல் எழுதியது, மூன்று பகுதி. காற்றில் தனித்தனியாக வந்து விழுகிற சுரங்கள், நடுவே மௌனம். முதல் முறை கேட்கும்போது காது எதைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துபோகும். வியன்னாவில் ஷோன்பெர்க் 1918இல் ஆரம்பித்த தனியார் இசைச் சங்கத்தில் புதுப் படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வழக்கம். என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது, கைதட்டலுக்கும் தடை. அவர்களிடமிருந்து திருப்பி வாசிப்பதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன்.

நடுவில் வரும் மொஸார்ட் அடாஜியோ 1788இல் எழுதியது. பி மைனரில் தனியாக அவர் எழுதிய பியானோத் துண்டு இது ஒன்றுதான். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறார், பதில் வராததுபோல் ஒரு மௌனம், திரும்பவும் சொல்கிறார். வெபர்ன் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் மொஸார்ட்டின் மௌனங்கள் காதில் விழும். அதன்பின் இரண்டாம் முறை வெபர்ன் வரும்போது, அந்தத் தனித்தனிச் சுரங்கள் பாட முயல்கின்றன என்று தோன்றும். வீட்டில் என் அத்தையை உட்காரவைத்து வாசித்துப் பார்த்தேன். “ரெண்டாவது தடவ வேற பாட்டு வாசிச்சியா?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு மேற்கத்திய இசை என்றால் கோயில் ஆர்மோனியத்தில் வரும் கீர்த்தனைதான். அந்தக் கேள்வியை நம்பித்தான் நிகழ்ச்சிநிரலையே உறுதி செய்தேன்.

அந்தப் பன்னிரண்டு சுர வரிசைக் கணக்கெல்லாம் தெரிந்தால்தான் வெபர்ன் புரியுமா?

பன்னிரண்டு சுரத்தையும் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையை வைத்தே முழுத் துண்டையும் கட்டுவதுதான் அந்தக் கணக்கு. அது தெரியத் தேவையில்லை. 1937இல் இதை முதன்முதலில் மேடையில் வாசித்தவர் பீட்டர் ஷ்டாட்லன். வெபர்னே வாரக்கணக்கில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பாடிக் காட்டினார், கை வீசினார், காலால் தட்டினார். வரிசையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை என்று ஷ்டாட்லன் பிற்பாடு எழுதியிருக்கிறார். எழுதியவருக்கே அது சமையலறைச் சமாசாரம்.

ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. முதல் பகுதி மாலைமாற்று. சம்பந்தர் பதிகத்தில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே வருமே, அதேபோல் சின்னச் சின்ன வாக்கியங்கள் நடுவரை போய் அப்படியே பின்னோக்கி நடந்து திரும்புகின்றன. இரண்டாம் பகுதி கண்ணாடி. நடு சி-க்கு மேலே உள்ள ஏ சுரத்தை நீர்மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சுரம் வந்தால் அதே தூரத்தில் கீழே ஒன்று. அலையில்லாத நாளில் பாக் நீரிணைப் பக்கம் வத்தை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மேலே ஒரு வத்தை, தண்ணீருக்குள் ஒரு வத்தை. அதுதான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், தும்மிவிடாதீர்கள்.

ஹைடனும் மாலைமாற்று எழுதியவர்தான். ஏ மேஜர் சொனாட்டா ஒன்றில் (16ஆம் பிரிவு, 26ஆம் எண்) மினுயெட் என்கிற நடனத் துண்டை முன்னுக்கு வாசித்துவிட்டுப் பின்னுக்கு வாசிக்கச் சொல்கிறார். 47ஆம் சிம்ஃபனியிலிருந்து எடுத்து அங்கே வைத்தது. நேரம் இருந்திருந்தால் அதையும் வெபர்னுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

சுருதியே இல்லாத இசை என்கிறார்களே. அபஸ்வரம் கேட்டால் தலைவலிக்காதா?

ஆதார சுருதி இல்லை என்பது ஷோன்பெர்க், வெபர்ன் விஷயத்தில் சரிதான். அதற்காக அபஸ்வரம் என்று சொல்ல முடியாது. வேண்டிய இடத்தில் வேண்டிய சுரம் விழாமல் போனால்தான் அபஸ்வரம். இங்கே ஒவ்வொரு சுரமும் எழுதிய இடத்தில்தான் விழுகிறது, வீட்டுக்குத் திரும்பும் கடமை மட்டும் அதற்குக் கிடையாது. முதல் சில நிமிடங்கள் தரை இல்லாததுபோல் இருக்கும். கரையில் பிறந்தவர்கள் முதல்முறை கடலுக்குப் போனபோது வயிறு என்ன பாடுபட்டது என்று நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கால் கற்றுக்கொள்ளும்.

பீத்தோவன் ஆறு, ஷோன்பெர்க் ஆறு. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து வாசிக்கலாமே?

வாசித்துப் பார்த்தேன். மிக்சர் ஆகிவிட்டது. கடலையும் ஓமப்பொடியும் தனித்தனியாக நல்லாத்தான் இருக்கும், ஒரு கை அள்ளினால் காரம்தான் மிஞ்சும்.

காரணத்தையும் சொல்கிறேன். பீத்தோவனின் ஓபஸ் 126 (1824) அவருடைய கடைசிப் பெரிய பியானோ வேலை. ‘சின்னஞ்சிறு விஷயங்களின் சுற்று’ என்ற பொருளில் தன் கையெழுத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். இரண்டாம் துண்டிலிருந்து சுருதி ஒவ்வொன்றாக ஒரே அளவில் கீழே இறங்குகிறது: ஜி, ஈ ஃப்ளாட், பி, மறுபடி ஜி, மறுபடி ஈ ஃப்ளாட். படிக்கட்டின் நடுவில் வேறொரு வீட்டுப் படியைச் செருகினால் ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது. ஷோன்பெர்க்கின் ஆறில் முதல் ஐந்தும் 1911 பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் எழுதியவை. ஒரே மூச்சு. அதைப் பிய்த்து நடுவே இன்னொருவர் மூச்சை விடுவது நியாயமில்லை.

அதனால் ஆறும் ஆறுமாகவே. பீத்தோவனின் ஆறாவது துண்டு கதவை அறைந்து சாத்துவதுபோல் ஆறு பட்டை (ஒரு தாளச் சுற்று ஒரு பட்டை) வேகத்தோடு திறக்கும். உடனே தாலாட்டு மாதிரி ஒன்று, நெடுநேரம். பிறகு அதே கதவு அறைதல், முடிவு. எதற்கு அந்தக் கோபம் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் திகைப்பு மாறுவதற்குள் ஷோன்பெர்க் வந்துவிட்டால், அவர் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை என்று தோன்றும்.

ஷோன்பெர்க்கின் இரண்டாவது துண்டில் ஜி-யும் பி-யும் சேர்ந்து கிணற்றுக்குள் சொட்டுகிற தண்ணீர் மாதிரி விட்டுவிட்டு விழும். ஆறாவது ஒன்பது பட்டைதான். 1911 மே 18 அன்று இசையமைப்பாளர் மாலர் இறந்தார், ஜூன் 17இல் ஷோன்பெர்க் இதை எழுதினார். மூன்று சுரம் ஒரு கூட்டம், மூன்று சுரம் இன்னொரு கூட்டம், மாறி மாறி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய சன்னத்தில். இதற்கு விளக்கமே வேண்டாம். துக்கமணி அடித்தால் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து “யாருக்கு?” என்று கேட்கிற ஊர் நம் ஊர். அந்த மணிதான்.

காலவரிசைப்படி வாசித்தால் எல்லோருக்கும் புரியுமே?

பாடப்புத்தகம் ஆகிவிடும். ‘அதன் பிறகு, அதன் பிறகு’ என்று போனால் கடைசியில் வருபவர் முந்தினவர்களை ஜெயித்துவிட்டார் என்றோ, கெடுத்துவிட்டார் என்றோதான் தோன்றும். வெபர்னுக்குப் பின்னால் மொஸார்ட் வரும்போது அந்தக் கதை உடைகிறது.

பார்டோக்குக்கு ஏன் ஜோடி இல்லை?

ஜோடி நீங்கள்தான். ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்று 153 துண்டுகள், ஆறு புத்தகம், 1926 முதல் 1939 வரை எழுதியது. முதல் புத்தகம் நேற்று சேர்ந்த பிள்ளை வாசிக்கும். நான் வாசிக்கப்போகும் ஆறும் (148 முதல் 153 வரை) கை பழுத்தவர்களுக்கு. பல்கேரிய நாட்டுப்புறத் தாளங்களில் அமைந்தவை. கணக்கு இப்படி: முதலாவது 4+2+3. இரண்டாவது 2+2+3. மூன்றாவது 2+3. நான்காவது 3+2+3. ஐந்தாவது 2+2+2+3. ஆறாவது 3+3+2.

மூன்றாவதைப் பாருங்கள், கண்டசாபு. இரண்டாவது 4+3 ஆகப் பிரிகிற ஏழு, சியாமா சாஸ்திரி வழியில் கேட்டிருக்கும் விலோமச் சாபு. ஐரோப்பாவில் இதை எண்ணிக் கற்றுக்கொள்ள மாணவர்கள் படாத பாடு படுகிறார்கள். இங்கே தாளம் பழகிய பிள்ளை மடியில் கையைத் தட்டிக்கொண்டே போய்விடும். மடியில் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், நாற்காலிக் கைப்பிடியில் வேண்டாம்.

மேற்கத்திய நவீன இசைக்காரர்கள் நம் இசையைக் கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள். மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசித் தாளங்களிலிருந்து பலவற்றைத் தன் படைப்புகளில் எடுத்தாண்டார். அவருக்கு முன்பே மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு, அந்தப் பாட்டை வைத்தே ‘ராகமாலிகா’ என்று குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். மிருதங்கச் சாயல் வர, ஒரு பி ஃப்ளாட் தந்தியின் ஒலியை அடைக்கச் சொல்கிறார். பாட ஆள் கிடைத்தால் அடுத்த வருடம்.

ஜான் கேஜ் மாதிரி பியானோவுக்குள் திருகாணி, ரப்பர் எல்லாம் செருகுவீர்களா?

மாட்டேன். உப்புக்காற்றில் தந்தி ஏற்கெனவே துருவோடு போராடிக்கொண்டிருக்கிறது.

தெபுஸ்ஸியின் ‘மூழ்கிய தேவாலயம்’ வாசிப்பீர்களா? நம் தனுஷ்கோடிக்குப் பொருத்தமாயிற்றே.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். 1910இல் எழுதிய பிரெல்யூட். கடலில் மூழ்கிய ஈஸ் நகரத்து ஆலயம் விடியலில் நீரிலிருந்து எழுந்து, மணி அடித்து, திரும்ப மூழ்கும் என்கிற கதை, பிரான்சின் பிரெத்தான் பகுதியில் சொல்வது. அழகான இசைதான், கையிலும் இருக்கிறது. ஆனாலும் வாசிக்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் கதை இல்லை. அங்கே ஆலயம் மூழ்கவும் இல்லை, எழவும் இல்லை. கூரை போய், பவளக்கல் சுவரோடு மணலில் நிற்கிறது, சுற்றுலா வேன் பக்கத்தில் சங்கு மாலை விற்கிறார்கள். என் அப்பத்தா அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அந்தச் சுவரைப் பார்க்க அவர் ஒரு தடவைகூட வரச் சம்மதிக்கவில்லை. ஒரு பொருத்தம் கண்ணில் பட்டதற்காக இரண்டைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

கடற்கரையில் பியானோ தாங்குமா? எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள்?

கொண்டுவரவில்லை. மண்டபத்திலேயே ஒரு பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. பல வருடம் கிட்டங்கியில் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. நான் முதலில் திறந்தபோது உள்ளே எலி கூடு கட்டியிருந்தது, சுத்தியல் ஃபெல்ட்டைக் கொறித்துத்தான்.

பியானோ என்பது வெளியே மரப்பெட்டி, உள்ளே இரும்புச் சட்டம், ஏறக்குறைய 230 எஃகுத் தந்திகள். எல்லாத் தந்தியின் இழுவையையும் கூட்டினால் சுமார் 18 டன் வரும். தந்திகளுக்குப் பின்னால் ஒலிப்பலகை, மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் ஏறினால் அது உப்பும். உப்பினால் தந்தியை முன்னுக்குத் தள்ளி இழுவையைக் கூட்டும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். எல்லாம் ஒரே அளவு ஏறினால்கூடப் பரவாயில்லை. நடுப்பகுதி அதிகம் ஏறும், அடியும் நுனியும் அவ்வளவு ஏறாது. ஆக ஒரே பெயருள்ள சுரங்கள், எட்டு ஏ-க்களும் ஆளுக்கொரு பக்கம் போகும். இந்த லட்சணத்தில் லிகெட்டியின் முதல் துண்டு முழுக்க ஏ. சுருதி விலகலைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே எழுதியதுபோல் இருக்கும்.

இதில் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு வேறொரு கடற்கரை ஊரில், முதல்நாள் இரவு மழை பெய்த மறுநாள் இதே துண்டை வாசித்தேன். இரண்டு ஏ தந்திகள் தெளிவாகப் பிசகியிருந்தன, ஒவ்வொரு அடியிலும் தகரம்போல் அலறின. முடிந்ததும் ஒருவர் வந்து, “அந்தக் கரகரப்பு ரொம்ப மாடர்ன்” என்று கைகுலுக்கினார். தப்பு வாசித்ததைவிட அது அதிகமாகச் சுட்டது. புதுசு என்றால் பிசகு என்று ஒருவர் மனதில் பதிந்துபோக நானே காரணமாகிவிட்டேன். ஹைடன் கொஞ்சம் சுருதிப் பிசகைத் தாங்குவார், மெட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். லிகெட்டியும் வெபர்னும் தாங்கமாட்டார்கள்.

ஆகவே ஏற்பாடு இது. பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பு, இரவும் பகலும். எல்இடி போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய பல்பு இப்போது கிடைப்பதில்லை, ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இருந்த ஆறையும் வாங்கிவிட்டேன். கடல் பக்கத்து ஜன்னல்களுக்குத் தார்ப்பாய். மதுரையிலிருந்து டியூனர் அண்ணன் வெள்ளிக்கிழமை வந்து ஒருமுறை இழுப்பார், ஞாயிறு மதியம் மறுபடி. தளர்ந்த தந்தி இழுத்ததும் நிற்காது, இரண்டு நாளில் கொஞ்சம் இறங்கும், அதற்குத்தான் இரண்டாவது தடவை.

டிஜிட்டல் பியானோ வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

வீட்டில் பழக அதுதான் சரி, என் மாணவர்கள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது. மேடைக்கு மனசு வரவில்லை. துக்கமணி ஸ்பீக்கரிலிருந்து வரக் கூடாது.

ஏன் மே மாதம்? புழுக்கத்தில் யார் வருவார்கள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், எஞ்சின் சத்தம் இருக்காது. ஷோன்பெர்க்கின் கடைசித் துண்டுக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. கையில் காசு இல்லாத மாதமும் அதுதான் என்பதால் கட்டணம் கிடையாது. 7 மணி என்று வைத்தது மஃரிப் பாங்கு முடியட்டும் என்று. மின்விசிறி ஹைடனுக்கு ஓடும், வெபர்னுக்கு நிறுத்துவோம். விசிறி கொண்டுவாருங்கள், பனையோலை விசிறியாக இருந்தால் சத்தம் வராது.

எப்போது கைதட்ட வேண்டும்? பிடிக்காவிட்டால் எழுந்து போகலாமா?

நான் கையை மடியில் வைத்ததும் தட்டலாம். தவறிப்போய் நடுவில் தட்டினாலும் கோபம் வராது. எழுந்து போவது ஜோடி முடிந்த பிறகு. காப்பி குடித்துவிட்டுப் போனாலும் வருத்தமில்லை. சின்னப் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிவாருங்கள், ஹைடனின் தடுக்கலுக்கு முதலில் சிரிப்பது அவர்கள்தான்.

நான் பியானோ கற்கிறேன். நானே ஒரு ஜோடி அமைக்க என்ன செய்ய வேண்டும்?

இரண்டு துண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம் தேடுங்கள். ஒரு சுரம், ஒரு மௌனம், ஒரு நடனம், ஒரு திருப்பம், ஏதோ ஒன்று. இரண்டு மூன்று ஒற்றுமை கிடைத்தால் சந்தேகப்படுங்கள், இரண்டும் ஒன்றுபோலாகிக் கேட்பவர் தூங்கிவிடுவார். ஆரம்ப நிலைக்கு: நான் சொன்ன ஹைடன் மாலைமாற்று மினுயெட்டும், மைக்ரோகாஸ்மாஸில் 12ஆம் எண் ‘பிரதிபலிப்பு’ம். அதைவிடக் கொஞ்சம் வளர்ந்த கைக்கு: பீத்தோவன் பாகடெல் ஒன்றும் ஷோன்பெர்க் ஓபஸ் 19இன் இரண்டாவதும். எதை முதலில் வைப்பது என்று வீட்டில் யாரையாவது உட்காரவைத்து இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். இசை தெரிந்தவரைக் கேட்காதீர்கள், அவர் பெயர்களைக் கேட்பார், ஒலியைக் கேட்கமாட்டார்.

ஒத்திகை பார்க்க வரலாமா?

ஞாயிறு மதியம் 3 மணிக்கு, டியூனர் அண்ணன் கிளம்பியதும், எட்டு ஏ-க்களையும் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பேன். பிறகு லிகெட்டி முழுதாக ஒருமுறை. அப்போது வரலாம். பின்கதவு வழியாக வாருங்கள், முன்வாசலில் வலை காயப்போட்டிருப்பார்கள்.